வட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே

மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு துப்பாக்கியை வாங்கிப்போட்டுவிட்டு, அது ஒழுங்காகச் சுடுமா சுடாதா என்று சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்கு மூன்று நாளாக ஒரே குடைச்சல். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. துறைமுகத்துக் கிட்டங்கியில் அவருடைய பஞ்சுப் பொதிகள் களவு போய்க்கொண்டிருந்தன. லைசென்ஸ் கைக்கு வந்தாயிற்று, காவலுக்கு ஆள்தான் பாக்கி. அந்த வேலையைக் கேட்டு மனுவேல் வந்து நின்றான்.

அவனுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். போன வருஷம் சங்கு குளிக்கப் போனவனுக்கு ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்துபோயிற்று. அன்றிலிருந்து தோணியில் கால் வைத்தாலே தலை கிறுகிறுத்து ஆளைத் தள்ளுகிறது. கடலை விட்டால் அவனுக்கு வேறென்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. வீட்டில் பெண்டாட்டி பிளாரன்ஸும் மூன்று பிள்ளைகளும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உப்பளத்துக்கு அப்பால் ஒரு மணல்மேடு. அதற்கு முன்னால்தான் குறிசுடும் திடல். பட்டாளத்திலிருந்து திரும்பிய நாசரேத்து ஹவில்தார் தனராஜ்தான் அதற்குப் பொறுப்பு. இருபத்தைந்து கெஜத்தில் அட்டையை நட்டார். அட்டை நடுவில் கறுப்பு வட்டம்.

"ஏலே, அஞ்சு ரவை. மூணு கறுப்புல விழுந்தா வேலை ஒனக்கு," என்றார் அண்ணாச்சி.

மனுவேல் குப்புறப் படுத்து, ஹவில்தார் காட்டித்தந்தபடி போல்ட்டை இழுத்துத் தள்ளினான். மூச்சடக்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஐந்தும் சுட்டு முடித்தான். போய்ப் பார்த்தால் ஐந்து ஓட்டையும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆனால் வட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே!

"கோணத் துப்பாக்கியத் தலையில கட்டிட்டானே படுபாவி!" என்று அண்ணாச்சி குதித்தார்.

ஹவில்தார் வாங்கி இரண்டு ரவை சுட்டார். இரண்டும் கறுப்பில் விழுந்தன.

"அப்ப கோளாறு ஒங்கிட்டதாம்ல," என்று அண்ணாச்சி திரும்பினார்.

மனுவேலுக்கு ஒன்றும் ஓடவில்லை. மாதா மேல் சத்தியமாக அவன் சரியாகத்தான் பார்த்தான். காது போனதோடு கண்ணும் போய்விட்டதா?

"எங்கன குறி வச்சீரு? விரலால தொட்டுக் காட்டும்," என்றார் ஹவில்தார்.

வட்டத்துக்குக் கீழே தொட்டான். "கறுப்பு அங்கன தெரியுது. அதனால இங்கன வச்சேன்."

"அதான் ஏன்?"

"மீனு தெரியுற எடத்துல இருக்காதுல்லா ஐயா…" என்றவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

பத்து வயசிலிருந்து தோணி முனையில் நின்று ஈட்டியால் மீன் குத்தின கை அது. தண்ணீர் மீனை மேலே தூக்கிக் காட்டும். தெரிகிற இடத்தில் குத்துகிறவன் வெறுங்கையோடுதான் கரைக்கு வருவான். கொஞ்சம் கீழே குத்தவேண்டும். அவன் அதை நினைத்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது.

அண்ணாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏலே கிறுக்கா, இது தரைல்லா! இங்கன ஏதுலே தண்ணி? சரி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. தப்புச்சோ, நடையக் கட்டு."

திரும்பி வந்து மறுபடி படுத்தான். குழல் நுனியைக் கறுப்புக்கு நேரே கொண்டுவந்தான். மேலே போய்விடும், மேலே போய்விடும் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. கை தானாகக் கீழே இறங்கியது. ஏற்றினான். திரும்பவும் இறங்கியது. இத்தனை வருஷம் சோறு போட்ட கையை நம்புவதா, கண்ணை நம்புவதா? தண்ணி இல்ல, இங்கன தண்ணி இல்ல என்று தனக்கே சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினான்.

"நட்டநடுவுல!" என்று ஹவில்தார் அட்டையிடம் போய்ப் பார்த்துவிட்டுக் கூவினார்.

"நாளைக்கே கிட்டங்கிக்கு வந்துருலே," என்று அண்ணாச்சி முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் துப்பாக்கியைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

மனுவேல் எழுந்திருக்கவில்லை. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமுடியாது. பிறகு ஏன் கண்ணிலிருந்து இப்படிக் கொட்டுகிறது என்று அவனுக்கே புரியவில்லை.

"என்ன மனுவேலு, அதான் வேலை கெடச்சிட்டே?" என்று ஹவில்தார் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கெடச்சிட்டுய்யா," என்றான் மணலைப் பார்த்துக்கொண்டே. "காது ஆறினதும் திரும்பக் கடலுக்குப் போயிரலாம்னுல்லா இம்புட்டு நாளும் நெனச்சிட்டு இருந்தேன். இப்ப கையுங் கடல மறந்துட்டுய்யா."