முழங்கால் உயரச் சோளம்

கதிர்களைக் கொட்டி வைக்கிற சோளக்கூண்டைக் காலி செய்யும் நாளில் கால்சட்டையின் அடியைச் சணலால் இறுக்கிக் கட்டாமல் வருகிறவனை நான் வேலைக்கு ஆகிறவனாக மதிப்பதில்லை. பாயா அப்படித்தான் வந்தான். பக்கத்து வீட்டு ஓப்ராத்தின் மருமகன், டவுனில் டயர் கடை வைத்திருக்கிறவன்.

"கட்டுடா காலை," என்றேன்.

"எலிக்கு என் மேல அவ்வளவு ஆசையா, ஸ்ரேதன் மாமா?"

"உன் மேல யாருக்குடா ஆசை? இருட்டா ஒரு ஓட்டை தெரிஞ்சா ஏறும். உன் கால்சட்டையும் அதுக்கு ஓட்டைதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சணல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓப்ராத்தின் கூண்டுக்கும் என் பன்றிக்கொட்டிலுக்கும் நடுவில் ஒரு பலகை வேலிதான். என் பன்றி முந்தின நாள்தான் குட்டி போட்டிருந்தது. பதினொன்று. அந்த வருஷத்துக்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான். கூண்டை விட்டு ஓடுகிற எலி பச்சைக் குட்டியை விடாது. ஒரு வாரம் தள்ளிப் போடு என்று ஓப்ராத்திடம் கேட்டுப் பார்த்தேன். சோளம் வாங்குகிறவன் லாரி அனுப்பிவிட்டான் என்றான். அந்த ஆள் சொல்வதை இவன் நம்பினான். நான் நம்பவில்லை.

ஓப்ராத் எனக்குக் கூம். என் மகன் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், பேரனுக்குப் பெயர் வைத்தவன். எங்கள் பக்கம் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேலே. அவனோடு சண்டை போட முடியாது. போட்டால் ஊரே கூடிவிடும்.

மேலிருந்து கதிர்களை அள்ள அள்ள, எலிகள் வெளியே ஓடுவதில்லை. கீழே கீழே இறங்கும். தலைக்கு மேல் சத்தம் இருக்கிறவரை கடைசி அடுக்குக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்துகொண்டு கிடக்கும். மூடுவதற்குக் கதிர் இல்லை என்கிற நேரத்தில்தான் மொத்தமாகப் பாயும். அதற்காகத்தான் கூண்டைச் சுற்றிக் கம்பிவலை. அந்த வலை சும்மா நிற்காது. கீழ் விளிம்பை ஆட்கள் மிதித்துக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு நிற்க வேண்டும்.

முழங்கால் உயரத்துக்குச் சோளம் இறங்கியிருந்தது. கதிர்களுக்கு அடியில் கொதிக்கிற பானை மாதிரி ஒரு சலசலப்பு. என் நாய் கரோவ் குரைப்பதையே விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றது. அப்போது கோயிலில் மத்தியான மணி அடித்தது.

"சாப்பாடு!" என்று கூப்பிட்டாள் தெசங்கா, ஓப்ராத்தின் மனைவி.

"இதை முடிச்சிட்டுச் சாப்பிடலாம், கூம்," என்றேன்.

"உதவிக்கு வந்தவங்களை மணி அடிச்ச பிறகும் வெறும் வயித்தோட நிக்க வெச்சான் ஓப்ராத்னு நாளைக்குப் பேசுவாங்க. சூப் ஊத்தியாச்சு. வா."

"அரை மணி நேர வேலைய்யா!"

"எலி எங்க போகப் போகுது? வா கூம். நாயைக் கட்டு, மேசைகிட்ட வேண்டாம்."

எல்லாரும் மண்வெட்டிகளை வேலியில் சாய்த்துவிட்டுப் போனார்கள். வலையை மிதிக்க ஒரு கால் இல்லை.

முசுக்கட்டை மரத்தடியில் மேசை. கூம் என்பதால் எனக்குத் தலைப்பக்கம் இடம், கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சூப் வந்தது. வேகவைத்த இறைச்சியும் தக்காளிக் குழம்பும் வந்தன. நான் கரண்டியைத் தொடவில்லை.

"மாமாவுக்குப் பல்லு வலியா?" என்றான் பாயா.

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

பின்னால் சலசலப்பு நின்றுபோயிருந்தது. மனிதச் சத்தம் விலகினால் அவை பாய்வதில்லை. சுவரோரமாக, மூக்கும் வாலுமாக வரிசை பிடித்து, பழகின தடத்திலேயே போய்விடும். அந்தத் தடம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

கரோவ் கயிற்றில் தொங்கி மூச்சுத் திணறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் என் பன்றி. பால் கொடுக்கிற பன்றி முனகும். இது முனகல் இல்லை. நாய் குரைப்பது மாதிரி ஒற்றை வெட்டாக ஒரு சத்தம்.

எழுந்தேன். தெசங்கா வறுத்த பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"வறுவல் வருது, உட்காரு," என்றான் ஓப்ராத்.

"என் பன்றி கத்துது."

"உன் பன்றி என்னிக்குக் கத்தல? வறுவலுக்கு முன்னாடி என் மேசையை விட்டு எந்தக் கூமும் எழுந்ததில்ல."

"இன்னிக்கு எழுந்திட்டான்."

கயிற்றை அவிழ்க்க நேரமில்லை, அறுத்துவிட்டேன். கரோவ் வேலிக்கு அடியில் நுழைந்தது. நான் ஒரு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வேலி ஏறினேன்.

கொட்டில் சுவரோரம் தரையே நகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே பன்றி எழுந்து நின்று சுழன்றது. ஒரு குட்டி அதன் காலடியில் நசுங்கிக் கிடந்தது. இன்னொன்றை எலிகள் காதைக் கவ்விப் பொந்துப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. நான் உள்ளே குதித்ததும் பன்றி என்னையே எலியாக நினைத்து மோதியது. சுவரோடு சாய்ந்தபடி கண்டபடி அடித்தேன்.

"எந்தப் பக்கம்?" வாசலில் ஓப்ராத். கழுத்தில் செருகிய துணியோடு, கையில் வைக்கோல் வாரும் கவையோடு.

"பொந்தை மிதி! அந்த மூலை!"

மிதித்தான். பிறகு இரண்டு பேரும் அடித்தோம். கரோவ் எலிகளின் கழுத்தைக் கடித்து உதறி உதறிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. செத்தவை போக மற்றவையெல்லாம் என் கொட்டிலின் தரைப்பலகைக்கு அடியில் புகுந்துகொண்டன.

ஒன்பது குட்டி மிச்சம்.

அவனுடைய கூண்டில் மிஞ்சிய சோளத்தைப் பிறகு அள்ளினார்கள். ஓர் எலிகூட இல்லை. லாரி அன்றைக்கு வரவும் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பலகைக்கு அடியில் மறுபடி சுரண்ட ஆரம்பித்தன. ஓப்ராத் ஒரு வாளியைக் கவிழ்த்து, கொட்டில் வாசலில் உட்கார்ந்தான்.

"நீ போய்ப் படு," என்றான். "குட்டிங்களை நான் பார்த்துக்கறேன்."

"நீயா?"

"நான்தான். என்னால வந்ததுதானே."

அதை அவன் வாயால் கேட்பேன் என்று நினைக்கவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை அவனை நம்பி விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நானும் ஒரு வாளியைக் கவிழ்த்து எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டேன்.