முப்பத்தொன்றாவது கட்டளை

ஏற்கனவே இருக்கிற ஒன்றை மறுபடி எழுதுவதற்கு ஒருத்தியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சில்லுவின் வேலை அதுதான். ஃபைலைக் காப்பி எடு, அழி, வரிசைப்படுத்து, பட்டியல் காட்டு என்று கம்ப்யூட்டருக்கு ஒரே வரியில் தட்டிச் சொல்கிற குட்டிக் கட்டளைகள் இருக்கின்றன அல்லவா, அவை எல்லா மெஷினிலும் முன்னாலேயே உண்டு. வம்பு என்னவென்றால், அவள் ஆபீஸில் மூன்று வகை மெஷின்கள், மூன்றுக்கும் மூன்று புத்தி. ஒன்றில் வரிசைப்படுத்தினால் பெரிய எழுத்து முன்னால் வரும், இன்னொன்றில் எல்லாம் கலந்து வரும், மூன்றாவதில் அந்தக் கட்டளையே வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். இதில் ஒழுங்காக ஓடுகிற வேலை அதில் மண்ணைக் கவ்வும். இந்தப் பஞ்சாயத்தே வேண்டாமென்று, மூன்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிற நாற்பத்து மூன்று கட்டளைகளை அவள் புதிதாக எழுதியிருந்தாள். பெயர்கள் மட்டும் பழைய பெயர்களேதான். நிறுவிவிட்டால் பழசு ஒதுங்கிக்கொள்ளும், அதே பெயரைத் தட்டினால் சில்லு எழுதியது வந்து நிற்கும்.

சில்லு என்பது கூப்பிடு பெயர். ஏழு வயதில் படிக்கட்டில் விழுந்து முன்பல் சில்லு பெயர்ந்த அன்று அண்ணன் வைத்தது. முப்பத்து நாலு வயதாகியும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வைத்தவன்தான் இல்லை.

அண்ணன் போய் அன்றைக்குப் பதினெட்டாவது நாள், வெள்ளிக்கிழமை. கட்டளைகளை மூன்று மெஷின்களிலும் நிறுவிப் பார்க்கிற நாளும் அதுவே. இன்னும் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ளேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எடுத்து என்ன செய்ய? வீட்டில் இருந்தால் சுவரைப் பார்க்க வேண்டும், இங்கே இருந்தால் திரையைப் பார்க்கலாம். அவளுக்கு இதுவரை ஒரு சொட்டு அழுகை வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ்ஸில் சில்லறையைச் சரியாகக் கொடுத்தாள். யாரோ தன் கைகால்களைக் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. அழுகை வராதது அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ஆனால் அந்தப் பயம்கூட எட்டத்தில்தான் இருந்தது.

அண்ணன் போக்குவரத்து ஆபீஸ் ஒன்றில் பஸ் நேர அட்டவணை போடுகிறவன். பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவள் எழுதிய கட்டளைகளை முதன்முதலில் நிறுவிக்கொண்ட மகராசன் அவன்தான். தங்கச்சி எழுதினாள் என்று பாராட்டினானா என்றால் அதெல்லாம் கிடையாது. நொட்டை சொல்வதற்கென்றே போன் பண்ணுவான். உன் வரிசைக் கட்டளை என் பதினாலாம் நம்பர் பஸ்ஸைத் தூக்கி இரண்டாம் நம்பருக்கு முன்னால் போட்டுவிட்டது, பயணிகளுக்கு நீயா பதில் சொல்வாய் என்பான். அட்டவணையில் முழு மணி வருவதும் அவனுக்குப் பிடிக்காது. எட்டு மணி பஸ் என்று போட்டால் எவனும் நம்ப மாட்டான், எட்டேகாலுக்கு ஆடி அசைந்து வருவான், ஏழு ஐம்பத்து மூன்று என்று போட்டுப் பார், மூச்சிரைக்க ஓடி வருவான் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். அண்ணி நூறு தடவை கேட்டிருப்பாள், அதற்காகச் சிரிக்காமல் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அவன் எழுந்திருக்கவில்லை. அல்லது எழுந்தான், மறுபடி படுத்தான். அதுதான் தெரியவில்லை.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, அந்த வாரம் காலை ஷிஃப்ட். முதல் நாள் இரவு பத்து மணிக்கு அவள் படுக்கும்போது அவன் மேசையில் இருந்தான். காலையில் ஐந்தே முக்காலுக்கு, தூக்கம் கெடக் கூடாதென்று விளக்குகூடப் போடாமல் கிளம்பினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மதியம் இரண்டு மணிக்கு வந்து பார்த்தபோதும் கட்டிலில்தான் இருந்தான். இதயம் நின்றிருக்கிறது, இரவாகவும் இருக்கலாம், காலையாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குமேல் அண்ணி யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சில்லுவிடம் மட்டும், நேற்று வியாழக்கிழமை சாயங்காலம் போனில் கேட்டாள்.

“உங்க அண்ணன் அந்தப் பதினாலாம் நம்பர் அட்டவணையைக் கடைசியா எப்போ சேவ் பண்ணாருன்னு மெஷின்ல தெரியுமா சில்லு? காலையில எழுந்து முடிச்சிடறேன்னு சொல்லிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருந்தார்னா, நான் கிளம்பறப்ப உயிரோட இருந்திருக்கார். இல்லேன்னா, நான் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்காம...”

தெரியும் அண்ணி, ஒவ்வொரு ஃபைலிலும் தேதியும் நேரமும் இருக்கும் என்று சில்லு சட்டென்று சொல்லிவிட்டாள். அண்ணன் வேலை செய்த லேப்டாப்பைப் போக்குவரத்து ஆபீஸ் திருப்பிக் கேட்டிருந்ததால், புதன்கிழமைதான் அதிலிருந்த எல்லாவற்றையும் தன் மெஷினுக்குக் காப்பி எடுத்து, லேப்டாப்பைத் துடைத்துக் காலியாக்கிக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வந்து காட்டுகிறேன் என்றாள். போனை வைத்ததும் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அண்ணன் கைபட்ட ஃபைல் பெயர்களை வரிசையாகப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, எழுதியதையெல்லாம் ஒன்றுசேர்த்து மெஷினில் ஏற்றுகிற பில்ட் ஓடியது. மூன்று மெஷின்களிலும் நாற்பத்து மூன்றும் ஏறி உட்கார்ந்தன. ஒரு சத்தம் இல்லை. இந்தக் கட்டளைகளின் குணமே அதுதான், வேலை ஒழுங்காக முடிந்தால் வாயைத் திறக்காது, தகராறு இருந்தால்தான் கத்தும். பதினோரு மணி வாக்கில் குடைச்சல் அவள் மேசைக்கு வந்தார். ஒவ்வொன்றையும் சோதித்துத் தப்புக் கண்டுபிடிக்கிறவர், அதனால் ஆபீஸ் முழுக்க அவருக்கு அதுதான் பெயர், அவருக்கே அதில் பெருமை உண்டு.

“காப்பி கட்டளையோட ‘பி’ ஆப்ஷன் குடுத்தா பழைய தேதி அப்படியே நிக்கணும் இல்லையா? மூணு மெஷின்லயும் இன்னைக்குத் தேதி விழுது. மூணுலயும் ஒரே மாதிரி தப்பு, அந்த விஷயத்துல உங்களைக் குறை சொல்ல முடியாது” என்றார்.

சில்லு உடனே காப்பி கட்டளையின் நிரலைத் திறந்தாள். ‘பி’ என்று யாராவது கொடுத்தால் அதைப் பிழை என்று சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வரி. அதற்குக் கீழே செய்ய வேண்டிய காரியம் எதுவும் இல்லை. குறிப்பு மட்டும் இருந்தது: அண்ணன் கேட்டான், பிறகு செய்யணும். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி.

எல்லாம் ஞாபகம் வந்தது. உன் காப்பி என் ஃபைல் தேதியையெல்லாம் தின்றுவிடுகிறது, எந்த அட்டவணை புதுசு எது பழசு என்று எனக்கே தெரியவில்லை, ‘பி’ கொடுத்தால் பிழை என்று கத்துகிறது, முதலில் அதைச் சரிபண்ணு என்று அண்ணன் போனில் நச்சரித்தான். அன்றைக்கு அவளுக்குத் தலைக்குமேல் வேலை. அவன் வாயை அடைக்க, கத்தாமல் தலையை மட்டும் ஆட்டும்படி செய்து அனுப்பிவிட்டாள். அவனும் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பான், பிறகு கேட்கவே இல்லை. புதன்கிழமை அவளும் பழக்க தோஷத்தில் ‘பி’ சேர்த்துத்தான் தட்டினாள். பழைய பெயரைத் தட்டினாள், அவள் எழுதியது வந்தது, தலையை ஆட்டியது, ஒன்றும் சொல்லாமல் முடித்தது.

அப்போதுதான் அண்ணனின் ஃபைல்களைத் திறந்தாள். அறுநூற்றுச் சொச்சம் ஃபைல்கள். எல்லாவற்றுக்கும் புதன்கிழமை, மாலை நாலு பன்னிரண்டு. பதினாலாம் நம்பர் அட்டவணைக்கும் அதேதான். அது கடைசி பஸ் வரைக்கும் எழுதி முடித்திருந்தது. இரவிலேயே முடித்தானா, காலையில் முடித்தானா என்பதைத்தான் அது சொல்லவில்லை.

போக்குவரத்து ஆபீஸுக்குப் போன் போட்டாள். லேப்டாப்பில் புதிதாக எல்லாம் ஏற்றி நேற்றே இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று ஸ்டோர் பொறுப்பாளர் மரியாதையாகச் சொன்னார். அவள் துடைத்த துடைப்பில் அதற்கு முன்னாலேயே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அந்த மாதிரி வேலையை மட்டும் அவள் பிறகு என்று வைத்ததில்லை.

மதியம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்றாவது கட்டளை ஒன்று உண்டு. ஒரு ஃபைலின் தேதியையும் நேரத்தையும் நாம் சொல்கிறபடி மாற்றி வைப்பது அதன் வேலை. அது மூன்று மெஷின்களிலும் சுத்தமாக ஓடியது, குடைச்சலே ஒரு குறை சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமையைத் தட்டினாள். நேரம் போட வேண்டிய இடம் வந்ததும் விரல் நின்றது. அண்ணிக்கு எப்படித் தெரியப் போகிறது? ஜென்மத்துக்கும் தெரியாது. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஏமாற்றியாகிவிட்டது, இனி அண்ணியையும் ஏமாற்ற வேண்டுமா என்று தோன்றியது. தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி சமையலறை மேசையில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மேசை மூலையில் ஒரு டம்ளர் கவிழ்க்காமல் இருந்தது. அவர் எழுந்தால் முதல் வேலையாகத் தண்ணீர்தான் குடிப்பார், இது முதல் நாள் குடித்த டம்ளரா அன்று காலை குடித்ததா என்று தெரியவில்லை, அதனால் கழுவவில்லை என்றாள். சில்லு தான் கொண்டுவந்த தன் லேப்டாப்பைத் திறக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஏழு மாதத்துக்கு முன் கேட்டதை, வாயை அடைத்து அனுப்பியதை, நாலு பன்னிரண்டை, ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது குரல் ஆடவில்லை, மீட்டிங்கில் பிழை அறிக்கை படிக்கிற குரல்தான் வந்தது. அதற்காகவே தன்மேல் வெறுப்பாக வந்தது. அண்ணி திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணி திட்டவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்து நிறுத்தி வைத்தாள். சட்டையை மடித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தத் தேதியை நாம மாத்த முடியுமா?”

“முடியும். அதுக்குன்னே ஒரு கட்டளை இருக்கு. நான் எழுதினதுதான்.”

“அது ஒழுங்கா வேலை செய்யுமா?”

“செய்யும் அண்ணி.”

“போடு.”

சில்லு அவள் முகத்தைப் பார்த்தாள். அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்தானே அண்ணி என்று சொல்ல வாய் வரை வந்தது. அண்ணிக்குத் தெரியாததா? லேப்டாப்பைத் திறந்து, பதினாலாம் நம்பர் அட்டவணையின் பெயரைத் தட்டி, அந்தத் திங்கட்கிழமையைத் தட்டி, காலை எட்டு மணி என்று போட்டாள்.

“எட்டு வேணாம்” என்றாள் அண்ணி. “எட்டுன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. ஏழு ஐம்பத்து மூணு போடு.”

போட்டாள். கட்டளை ஒன்றும் சொல்லாமல் முடிந்தது. பட்டியலில் அறுநூற்றுச் சொச்சம் ஃபைல்களும் புதன்கிழமையில் நின்றன, ஒன்று மட்டும் திங்கட்கிழமைக்குப் போய் நின்றது. அண்ணி குனிந்து அந்த வரியில் விரலை வைத்து ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள்.

“நான் அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினேன்” என்றாள். “அப்போ தூங்கிட்டுதான் இருந்திருக்கார்.”

“ஆமா அண்ணி” என்றாள் சில்லு.

அண்ணி எழுந்து போய் அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.