பதினோரு வருஷக் கடல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஊர் ஊராகப் பெரிய ஹோட்டல்களில்தான் வேலை. ஆனால் படுக்கக் கொடுப்பது பின்பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். அதைப் போய் வீட்டுக்குக் காட்ட அவருடைய கௌரவம் விடவில்லை. லிஃப்டை ஓட்டிப் பார்க்க உச்சி மாடிக்குப் போகும்போது, பெருக்குவதற்காகத் திறந்து கிடக்கும் அறைக்குள் நைசாக நுழைந்து, ஜன்னலில் தெரியும் கடலையோ மலையையோ படமெடுத்து, "இதான் என் ரூம்" என்று மனைவிக்குத் தட்டிவிடுவார். பதினோரு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

அந்தப் பதினோரு வருஷமும் அவருடைய அம்மா படுத்த படுக்கை. பார்த்துக்கொண்டவள் மனைவி. அம்மா போய்ச் சேர்ந்த மறுமாதம், பெரிய மனசு பண்ணி அவர் சொன்னார்: "இனிமே நீயும் என்கூட வா. நாலு ஊர் பாக்கலாம்."

"நீங்க கடலப் பாத்துக்கிட்டு நின்னப்பல்லாம் நான் இங்க உங்கம்மாவோட பீத்துணிய அலசிக்கிட்டு இருந்தேன். இனிமே எனக்கெதுக்குக் கடல்?"

அவருக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் என் ரூமே இல்ல. எனக்குக் குடுத்தது வெறும் சுவரு," என்று முதல்முறையாக உண்மையைக் கக்கினார்.

"அப்படியா? அந்தச் சுவர ஒரு படம் காட்டுங்க, நம்புறேன்."

அவர் ஃபோனைத் தள்ளித் தள்ளித் தேடினார். கடல், மலை, மறுபடியும் கடல். எந்த மடையன் சுவரைப் படமெடுத்து வைப்பான்?