பாதிச் சுவர்

காலையில் ஒட்டிய காலண்டர் தாள் நடுவில் கிழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் வினோதா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் முந்தாநாள் ஒரு விரிசல் விழுந்திருந்தது. விரிசல் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. பயந்த கண்ணுக்கு எல்லாமே வளர்வதுபோல்தான் தெரியும். அதற்கொரு வழி உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய தாளை மைதாப் பசையால் விறைப்பாக ஒட்டிக் காயவிட வேண்டும். சுவர் சும்மா இருந்தால் தாளும் சும்மா இருக்கும். மயிரிழை நகர்ந்தாலும் கிழிந்துவிடும். வினோதா அப்படித்தான் ஒட்டியிருந்தாள். மறுபக்கத்து வீட்டுப் பங்கஜவல்லி எட்டிப் பார்த்து, "என்னடி, சொவத்துக்குப் பத்துப் போட்டிருக்கே? அதுக்குக் காய்ச்சலா?" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது தாள் கிழிந்துவிட்டது. அந்தச் சுவரை ஒட்டிய கட்டிலில் மாமியார் கமலாம்பாள் படுத்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்தவள். அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் உறுமியது. அது வரிசையின் கோடியில் இருக்கும் நபீசாவின் வீடு. மகன் கல்யாணத்துக்குள் மாடி வைத்த வீடு எழும்ப வேண்டுமென்று இடித்துக்கொண்டிருந்தார்கள்.

கோவில்பத்துப் பக்கம், மூடிப்போன மில்லுக்குப் பின்னால், தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் அவை. கட்டியவன் கெட்டிக்காரன். தண்டவாளத் துண்டுகளை வாசலிலிருந்து கொல்லைவரை உத்திரமாகப் போட்டு, அவற்றுக்கு இடையே செங்கல்லை வில்லாக வளைத்துக் கூரை போட்டிருந்தான். வில் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, இரண்டு பக்கமும் தள்ளும். இந்த வீட்டு வில் அந்தப் பக்கம் தள்ளும், அந்த வீட்டு வில் இந்தப் பக்கம் தள்ளும். நடுச்சுவர் இரண்டுக்கும் மத்தியில் நிமிர்ந்து நிற்கும். அதனால் நடுச்சுவர்களை ஒல்லியாக எழுப்பினான். கோடி வீட்டு வெளிச்சுவரை மட்டும் மதில்போலப் பருமனாக வைத்தான், அதற்கப்பால் திருப்பித் தள்ள ஆளில்லை என்பதால். நெரிசலான பஸ்ஸில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பது மாதிரிதான். ஓரத்தில் கம்பியைப் பிடித்திருப்பவர் இறங்கிவிட்டால் அடுத்தவர் பாடு திண்டாட்டம்.

நபீசா வீட்டுக் கூரை முந்தாநாள் போனது. பருத்த சுவர் இன்று காலை போனது. வினோதா வீட்டு வில்லைத் திருப்பித் தள்ள அந்தப் பக்கம் இனி எதுவுமில்லை.

வினோதா தெருவுக்கு ஓடினாள். "நிறுத்துங்க! தம்பி, நிறுத்தச் சொல்லுங்க!"

இடிப்பு வேலையை எடுத்திருந்த அகரன் திரும்பினான். "அக்கா, ஒங்க சொவத்துல ஒரு கல்லக்கூடத் தொடல. எல்லைக்குக் கயிறு கட்டித்தான் இடிக்கிறோம்."

"தொடலன்னா தாளு ஏன் கிழியுது?"

"காத்துல கிழிஞ்சிருக்கும்க்கா."

அவன் பொய் சொல்லவில்லை. தொடவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

எதிர் வீட்டில் தற்காலிகமாகக் குடியிருந்த நபீசா குடையோடு வந்தாள். "என்னா வினோதா, மூஞ்சி இப்புடி வெளிறிக் கெடக்கு?"

வினோதா சொன்னாள். நபீசா சுவரை நிமிர்ந்து பார்த்தாள். தன் அடுப்படியின் பழைய மாடம், மஞ்சள்பொடிக் கறையோடு, இப்போது வெயிலில் திறந்து கிடந்தது.

"இந்த மாடத்துக்கு நேரா ஒங்க பக்கம் என்னா இருக்கு?"

"டிவி."

"சொவத்து மேலயா, உள்ளயா?"

"உள்ள. எங்க வீட்டுக்காரர் குடைஞ்சு வெச்சாங்க."

"அல்லாவே! எங்க வூட்டுக்காரவங்களும் இந்த மாடத்த அப்புடித்தான் குடைஞ்சாங்க."

மில் மூடியபின் வீடுகள் அவரவருக்கே வந்தபோது, லைனில் எல்லாருக்கும் ஒரு கணக்கு இருந்தது: நடுச்சுவரில் பாதி உனக்கு, பாதி எனக்கு. நியாயமான கணக்கு. அவரவர் பாதியை அவரவர் குடைந்துகொண்டார்கள். பிளக் பாயிண்ட் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக இருந்ததால், மாடமும் அதன் பக்கத்திலேயே வந்தது. சுவருக்கு மட்டும் அந்தக் கணக்கு தெரியாது. நடுவே ஒற்றைச் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திய கனம்தான் அதற்கு மிஞ்சியிருந்தது.

அகரன் உள்ளே வந்து டிவியை நகர்த்தினான். பின்னால், இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், நூல்போல ஒரு வெயில் கோடு தெரிந்தது.

அவன் முகம் மாறியது. வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினான். இயந்திரம் நின்றது. அந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்குள் மணல் சரசரவென்று இறங்கும் சத்தம்.

"ஆத்தாவத் தூக்குங்க," என்றான் மெதுவாக. உரக்கப் பேசினால் சுவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

கட்டில் வாசலுக்குள் நுழையாது, உள்ளே வைத்து முடுக்கிய கட்டில். போர்வையின் நான்கு முனைகளையும் வினோதா, நபீசா, அகரன், இயந்திரம் ஓட்டியவர் பிடித்தார்கள்.

"விடுங்கடி! டாக்டரு என்னா சொன்னாரு?"

"அத்தை, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. கொஞ்சந்தான்."

தூக்கியபோது கமலாம்பாள் அலறினாள். வினோதா போர்வை முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கூரையிலிருந்து காரைத்தூள் அவள் பிடரியில் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை விட்டுவிடும் என்று தோன்றியது.

வாசற்படியில் கிழவி முனகினாள். "டிவிய எடுத்தியாடி?"

"மொதல்ல நீங்க வெளிய வாங்க!"

தெருவைத் தாண்டி நபீசா குடியிருந்த எதிர் வீட்டுப் பாயில் கிடத்திய பிறகுதான் அது நடந்தது. பெரிய இடியொன்றும் இல்லை. யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்ட சத்தம். வாசல் வழியே வெள்ளைத் தூசி தெருவரை வந்தது. சுவரை ஒட்டிய முதல் வில் மட்டும் இறங்கியிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் செங்கல் குவியல்.

வினோதாவுக்கு அழுகை வரவில்லை. மாமியாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "வலிக்குதுடி, விடு," என்றாள் கமலாம்பாள்.

ஆட்கள் சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து மிச்சக் கூரைக்கு முட்டுக்கொடுத்தார்கள். அகரன் யாரையும் பார்க்காமல் வேலை செய்தான். பொழுது சாயும்போது பங்கஜவல்லி வந்தாள். காலையில் சிரித்த சிரிப்பு முகத்தில் இல்லை. தன் வீட்டையும் வினோதா வீட்டுக் கழிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வினோதா," என்றாள். "அந்தப் பசை கொஞ்சம் மிச்சம் இருக்கா?"