கதவுக்குப் பல் கிடையாது

லிஃப்ட் மெக்கானிக் காலையில் எழுந்து பிரஷை எடுக்கப் போனார். வலது கை மடங்கவில்லை. நடுவிரல் புறங்கையோடு சேரும் மூட்டு சிவந்து பளபளத்தது. அதன்மேல் அரிசி நீளத்துக்கு ஒரு வெட்டு. முந்தாநாள் அது ஒரு காயமாகவே தெரியவில்லை. குழாயில் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, விட்டுவிட்டார். இப்போது அதில் சீழ் கசிந்தது.

"என்னங்க இது, கை பன்னு மாதிரி ஊதிக் கெடக்கு!" என்றாள் மனைவி.

"லிஃப்ட் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன்ல."

பொய். அந்தக் கை அவள் தம்பியின் வாயில் விழுந்த கை.

அவள் தம்பியும் அவரும் ஜோடியாக வேலைக்குப் போகிறவர்கள். முந்தாநாள் அவர் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே மோட்டார் அறையிலிருந்த மைத்துனன், மாமா இறங்கிவிட்டார் என்று நினைத்து சுவிட்சைப் போட்டுவிட்டான். கூண்டு கிளம்பியது. தலைக்கு மேலே கான்கிரீட் நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் போட்ட அலறலில் கூண்டு நின்றபோது, குந்தியிருந்தவரின் தலைமுடியைக் கான்கிரீட் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், "மாமா, தெரியாம..." என்று ஓடிவந்தவனுக்கு ஒரே குத்து. அப்புறம் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். "அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம் மாமா" என்று அவன் ரத்தம் ஒழுகும் வாயோடு கெஞ்சினான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வாங்கிவர மனைவி போனாள். டாக்டரம்மா அவர் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"எப்படி அடிபட்டுச்சு?"

"கதவு இடுக்குல."

விரல் நுனியை லேசாகத் தூக்கினார். உயிர் போய்விட்டு வந்தது. "இப்ப முடிஞ்ச வரைக்கும் மடக்குங்க" என்றார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். வெட்டு நகர்ந்து சரியாக மூட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

"மடக்குன கையிலதான் இது பட்டிருக்கு. ஏங்க, அந்தக் கதவுக்குப் பல் இருந்துச்சா?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரை அடிச்சீங்கன்னு நான் கேக்கல. வாயில இருக்கிற கிருமி மூட்டுக்குள்ள போயிருந்தா அது தனி விஷயம். குத்தும்போது பல்லு உள்ள இறங்கும். கைய நிமித்துனதும் தோலு நகர்ந்து மூடிக்கும். உள்ள அழுகறது வெளிய தெரியாது. பல்லுதான்னா இன்னிக்கே திறந்து கழுவணும், மருந்தும் வேற. நாளைக்குன்னா விரலுக்கு நான் பொறுப்பில்ல."

திருப்புளி பிடிக்கும் கை.

"பல்லுதான் டாக்டர். என் மச்சானோடது."

வாசலில் படத்தோடு மனைவி நின்றிருந்தாள்.

அவள் உள்ளே வந்து படத்தை நீட்டினாள். மூட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு. "பல்லோட முனை" என்றார் டாக்டரம்மா. "அந்த மச்சானையும் வரச் சொல்லுங்க. அவர் ரத்தத்தையும் பரிசோதிக்கணும்."

அக்குளில் ஊசி போட்டு, கையை மரத்துப்போக வைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கிடந்தது யாரோ ஒருவருடைய கை போல இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "விரல எடுத்துடுவீங்களா டாக்டர்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "சும்மா படுங்க" என்ற பதிலைக் கேட்டு இன்னும் பயந்தார்.

காயத்தைத் தைக்கவில்லை. "மூடினா சீழ் உள்ளேயே தங்கிடும்" என்று திறந்தே விட்டுக் கட்டுப்போட்டு, கையை உயரத் தொங்கவிட்டார்கள். நரம்பில் மருந்து ஏறியது. வார்டுக்கு வந்த மைத்துனன் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தான். மனைவி கர்ச்சீப்பைப் பிடுங்கினாள். முன்பல் பாதிதான் இருந்தது.

"படியில விழுந்தேன்னியே?"

"அக்கா... சுவிட்ச நான்தான்..."

முழுவதையும் சொல்லி முடித்தான். அதுவரை நின்றவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீ என் புருஷனக் கொல்லப் பாத்திருக்க. இவரு என் தம்பி வாய உடைச்சிருக்காரு. எனக்குக் கதவு, படின்னு கதை!" கோபமாகத்தான் தொடங்கினாள்; முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அன்று இரவு அவருக்குக் காய்ச்சல் அடித்தது; மறுநாளும் இறங்கவில்லை. மறுபடி திறந்து கழுவினார்கள். அந்தப் பகல் முழுக்க அவர் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கறுக்கிறதா, இல்லை வெளிச்சம்தான் அப்படியா? மைத்துனனைப் பார்க்கச் சொன்னார். அவனுக்கும் தெரியவில்லை, இரண்டு பேருமாகப் பயந்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்து, குனிந்து பார்த்து, "சிவப்பு பின்வாங்குது, விரல் தப்பிச்சுது" என்றார். மெக்கானிக் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விரல் இன்றும் முழுசாக மடங்குவதில்லை. மனைவி அதை வெந்நீரில் வைத்து மடக்கிவிடுகிறாள். அவர் கத்தினால் மட்டும் சற்று நிறுத்துகிறாள்.