நாலு விரல் பிந்தியது

மண்டூர்த் துறையில் தோணி விட்ட கனகசிங்கத்துக்குக் கைவேகம் அதிகம். துள்ளி எழும் மீனை அந்தரத்திலேயே பிடித்துவிடுவான் என்று துறையில் பேசிக்கொள்வார்கள். அதனால்தான், 1938ஆம் ஆண்டு மார்கழியில் அவன் மனைவி புஸ்பம் ஆற்றில் விழுந்து செத்தபோது, அவளுடைய தமையன் நல்லரத்தினத்தால் அதை நம்ப முடியவில்லை.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கணவனும் மனைவியும் அக்கரையில் குருமன்வெளியில் இருந்த நல்லரத்தினத்தின் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மழை விட்டிருந்தது. வெள்ளம் இழுத்தது. நடுவழியில் தோணி ஒரு வலைக்கட்டையில் முட்டியது. காலடியில் தேங்கிய தண்ணீரை இறைக்க எழும்பியிருந்த புஸ்பம் சரிந்தாள். கனகசிங்கம் தோணி தள்ளும் கோலைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினான். சேலைத் தலைப்பு விரல்நுனியில் உரசிக்கொண்டு போயிற்று. குதித்தான். மூச்சு முட்ட முட்டத் தேடினான். மறுநாள்தான் அவள் கிடைத்தாள்.

செத்தவீட்டில் எல்லார் முன்னாலும் நல்லரத்தினம் கேட்டான்: "மீனப் பிடிக்கிற கைக்கு என்ர தங்கச்சியப் பிடிக்க ஏலாமப் போயிற்றா, மச்சான்? பாத்துக்கொண்டா நிண்டநீங்க?"

"கைய நீட்டினன் மச்சான்" என்றான் கனகசிங்கம். அவள் சரிவதைக் கண்ட பிறகும் உடம்பு ஒரு கணம் அசையாமல் நின்றது அவனுக்குத் தெரியும். ஏன் நின்றது என்றுதான் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் கழிந்ததும் நேரான கம்பு ஒன்றை வெட்டினான். துறைக்கு வருகிறவர்களிடம் அதைத் தூக்கிப் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் விடச் சொன்னான். கீழ்முனையில் விரல்களை விரித்து வைத்திருந்து விழும்போது பிடித்தான். பிடிபட்ட இடத்தில் கரியால் கோடு கீறினான். கோடு மேலே ஏற ஏறக் கை பிந்தியது என்று கணக்கு. விடிந்ததும், பகல் உண்ட பிறகும், பொழுது சாயும்போதும் அதே வேலை. அவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று சனம் ஒதுங்கியது.

இரண்டு மாதத்தில் கோடுகள் மூன்று கூட்டமாகப் பிரிந்தன. நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கினாலும், காலையில் கை பரவாயில்லை. அந்தியில் மின்னல் வேகம். பகல் உண்ட பிறகான இரண்டு மணித்தியாலம் மட்டும் எப்போதும் நாலு விரல் பிந்தியது. பட்டினி கிடந்து பார்த்தான். அப்போதும் அந்த நேரத்தில் கை பிந்தத்தான் செய்தது.

கம்பை நல்லரத்தினத்திடம் கொண்டுபோனான். நல்லரத்தினம் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவனும் விரலை விரித்தான். காலையில் பிடித்தான். பகல் சாப்பாட்டுக்குப் பின் கம்பு முழுதாக நழுவி நிலத்தில் விழுந்தது. குனிந்து அதை எடுத்தான்.

"நானெண்டாலும் பிடிச்சிரிக்க மாட்டன்," என்றான். "செத்தவீட்டில கதைச்சத மறந்திருங்க மச்சான். உங்கட பிழையில்ல."

"என்ர பிழைதான்."

"ஏன் அப்பிடிச் சொல்றீங்க?"

"அவ விடியவே வெளிக்கிட்டு நிண்டவ. 'நேரத்தோட போவம்' எண்டு ரெண்டு தரம் சொன்னவ. நான்தான் சோத்தத் திண்டுபோட்டுப் போவம் எண்டு மறிச்சன்."

நல்லரத்தினம் கம்பை அவனிடம் திருப்பிக் கொடுத்தான்.

அந்தக் கிழமையே தோணியை நல்லரத்தினத்திடம் விட்டுவிட்டுக் கனகசிங்கம் வெல்லாவெளிப் பக்கம் வயல்வேலைக்குப் போனான். அங்கே பகல் உண்டதும் கூலியாட்கள் மரநிழலில் கண்ணயர்வார்கள். கை பிந்தும் அந்த நேரம் கழிந்து வெயில் இறங்கும்வரை அவன் மட்டும் வரம்பில் கண் மூடாமல் குந்தியிருந்தான்.