எழில்மொழி படகில் ஏறிய நாள்

திருத்துறைப்பூண்டியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அஸார், எழில்மொழி கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் கணவன் ராகுலைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் சிலேட்டு அகலத்தில் ஒரு ஸ்கேனர்.

"இதைச் செருகினா போதும் சார். இஞ்சின்ல என்ன கோளாறுன்னு திரையில எழுத்தாவே வந்துடும்."

"எங்க செருகணும்?" என்றாள் எழில்மொழி.

"இஞ்சின்ல ஒரு சாக்கெட் இருக்கும் சார்..."

"அண்ணே, எங்க படகுல இருக்கிறது கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ற பழைய மண்ணெண்ணெய் இஞ்சின். அதுல கம்ப்யூட்டரும் இல்ல, சாக்கெட்டும் இல்ல. இதை வாங்கிட்டுப் போய் அதோட கழுத்துல மாலையாத்தான் போடணும்."

ராகுல் சிரித்துவிட்டான். "என்னைப் பார்க்காதீங்க அண்ணே. மெக்கானிக் அவங்கதான். நான் பை தூக்க வந்தவன்."

அவள் தானே அலமாரிப் பக்கம் போனாள். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜை எடுத்தாள். பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டரை எடுத்தாள். கொஞ்சம் யோசித்து, எண்ணெய்க் குழாயில் மாட்டி உறிஞ்சும் விசையை அளக்கிற வாக்குவம் கேஜையும் கேட்டாள்.

"இதை யாரும் கேட்டு வந்ததே இல்லையேம்மா" என்று தூசி தட்டிக் கொடுத்தார் அஸார். இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

முத்துப்பேட்டைக்கு பைக்கில் திரும்பும்போது அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். படகு கரையைவிட்டுப் பத்து நிமிஷம் ஓடும், இஞ்சின் நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். டவுன் மெக்கானிக் ஒருவர் மூடியைக்கூடக் கழற்றாமல் சத்தத்தை மட்டும் கேட்டு, "பிஸ்டன் ரிங் போச்சு, தேறாது" என்று சொல்லிவிட்டார். மாமனார் செல்லத்துரை அன்றே முடிவெடுத்தார்: இஞ்சினை இரும்புக்கடைக்குப் போடுவது, ராகுலை வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்கு அனுப்புவது. ராகுலின் பாஸ்போர்ட்டும் ஏஜென்ட் கைக்குப் போய்விட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

படகுத்துறையில் செல்லத்துரை காத்திருந்தார். இஞ்சின் படகின் பின்புறம் மாட்டியபடி இருந்தது. எழில்மொழி முழங்கால் தண்ணீரில் நின்றபடியே இரண்டு பிளக்கையும் கழற்றி, அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாகக் கேஜைத் திருகினாள். ஒவ்வொரு முறையும் ராகுல் கயிற்றை இழுத்தான்.

"பொறந்த வீட்டு வயக்காட்டுல பம்புசெட்டு பார்த்த கை" என்றார் செல்லத்துரை, பொதுவாகக் கடலைப் பார்த்து.

"மெக்கானிக்கல் டிப்ளமோவும் படிச்ச கை மாமா. இங்க பாருங்க, ரெண்டு சிலிண்டரும் ஒரே அளவு காட்டுது. ரிங் நல்லாத்தான் இருக்கு." டெஸ்டரை மாட்டினாள். நீலமாகப் பொறி தெறித்தது. "கரண்டும் சரி."

"அப்ப ஏன் நிக்குது?"

"ஓடும்போது பார்த்தாத்தான் தெரியும். நானும் படகுல வரேன்."

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அந்தத் துறையில் பெண்கள் மீன் பிரிப்பார்கள், ஏலம் எடுப்பார்கள், விற்பார்கள். படகில் மட்டும் ஏறுவதில்லை.

"பொம்பளை ஏறுனா கடலம்மாவுக்கு ஆகாது."

"ஆகலைன்னா எங்கிட்ட சொல்லட்டும் மாமா. அவங்களும் பொம்பளைதானே, நான் பேசிக்கிறேன்."

கூடையருகே நின்ற மாமியார் எல்லையம்மாள் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எழில்மொழி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ராகுல் கை நீட்டினான். அதற்குள் அவள் உள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

அலையாத்திக் காட்டைத் தாண்டி அகன்ற தண்ணீருக்கு வரும்வரை இஞ்சின் ஒழுங்காக ஓடியது. எண்ணெய்க் குழாயில் மாட்டிய வாக்குவம் கேஜின் முள் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. டேங்கிலிருந்து எண்ணெய் வர மறுத்து, குழாய் வெறுமனே உறிஞ்சிக்கொண்டிருந்தது. இஞ்சின் இருமியது.

"நிக்கப் போவுது எழில்!"

அவள் டேங்க் மூடியைச் சட்டென்று திருகித் திறந்தாள். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. முள் கீழே விழுந்தது. இஞ்சின் முழு மூச்சில் முழங்கியது. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். காற்று போகிற சின்ன ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், கல்லாகக் காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

ராகுல் தலையில் அடித்துக்கொண்டான். "ஆடி வெள்ளிப் பூஜை! அப்பா கை நிறைய அள்ளி அப்பினாரே. அவர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்" என்று கொண்டை ஊசியால் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்தாள். அதன்பிறகு அவர்கள் வேண்டுமென்றே நெடுந்தூரம் சுற்றினார்கள். இஞ்சின் ஒரு முறைகூட நிற்கவில்லை.

இஞ்சினை நிறுத்தாமலேயே கரை சேர்ந்தார்கள். செல்லத்துரை மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப சாமிக்குச் செஞ்சது தப்புங்கிறியா?"

"சாமிக்குத் தாராளமா செய்யுங்க மாமா. இஞ்சின் தலையில வைங்க. டேங்க் மூடியில வேணாம், அது மூச்சு விடுற இடம்."

அவர் மூடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சரி, இறங்கு. ஏறுனது போதும்" என்றார்.

"இறங்க மாட்டேன்."

"என்னது?"

"இஞ்சின் சாகலை. அப்புறம் இவரு எதுக்குப் போகணும்? ஏஜென்டுக்குப் போன் போட்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேளுங்க, இறங்குறேன். நாளைக்கு மறுபடி ஏறுவேன். அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

இறங்கியிருந்த ராகுல் மறுபடி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எல்லையம்மாள் கூடையை இடுப்பில் வைத்தாள். "இவங்க ரெண்டு பேருக்கும் சோத்தை இங்கயே எடுத்தாந்துடுறேன். உங்களுக்கு எங்கன்னு நீங்களே பார்த்துக்குங்க."

செல்லத்துரை மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் மருமகளையும் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"முதல்ல அந்த இஞ்சினை நிறுத்து. அந்த ஏஜென்ட் பேசுறது எப்படிக் கேக்கும்?"

எழில்மொழி இஞ்சினை நிறுத்தினாள். அவர் பேசி முடிக்கும்வரை இறங்கவில்லை.